அறுபத்தெட்டு கிலோ தாங்குமா

ஜூன் 12

ரயில்வே கேட்டைத் தாண்டியதும் இடப்பக்கத்திலிருந்து ஒரு கொய்யாப்பழத் தள்ளுவண்டிக்காரன் முளைத்தான். வந்தான் என்று எழுத மாட்டேன். வருகிறவன் முதலில் தூரத்தில் தெரிவான், பிறகு பக்கத்தில் தெரிவான். இவன் எடுத்த எடுப்பிலேயே என் ஹேண்டில்பாரில் இருந்தான். ஸ்கூட்டர் சறுக்கியது. யாருக்கும் அடியில்லை. இருபது கொய்யாப்பழமும், அறிவுரை சொல்ல முப்பது பேரும் ரோட்டில்.

பின்னால் உட்கார்ந்திருந்த ஜெயக்கனி இறங்கினாள். அந்த ஆளோடு சேர்ந்து பழம் பொறுக்கினாள். என்னிடம் ஒரு வார்த்தை பேசாமல் மீதித் தூரம் நடந்தே பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டாள். திருத்தங்கல் பள்ளியில் சத்துணவு அமைப்பாளர் அம்மையார். இருபத்திரண்டு வருடமாகக் காலை எட்டரைக்கு அங்கே இறக்கிவிட்டுத்தான் நான் பிரஸ்ஸுக்குப் போகிறேன். நன்றிக்கடன் இப்படி.

சாயங்காலம் காப்பி டம்ளரை வைத்துவிட்டுச் சொன்னாள்: "மாடிப்படிக்குக் கீழ கெடக்குற பரிதி சைக்கிளை ரெடி பண்ண முடியுமா?"

யாருக்கு என்று கேட்டேன். "எனக்கு" என்றாள்.

ஐம்பத்தொரு வயது. இதுவரை மூன்று சக்கர சைக்கிள்கூட மிதித்ததில்லை. சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

ஜூன் 13

சைக்கிளை வெளியே இழுத்தேன். எங்கள் புத்திரன் இளம்பரிதி காலேஜ் முதல் வருடத்தில் அடம்பிடித்து வாங்கிய மலை சைக்கிள். சிவகாசியில் மலை சைக்கிள்! ஊர்ப்பக்கம் மலை என்று சொல்ல ஒன்று உண்டென்றால் அது திருத்தங்கல் பெருமாள் உட்கார்ந்திருக்கும் பாறை. அதற்கும் படிக்கட்டு இருக்கிறது. பயல் மூன்று மாதம் ஓட்டினான், பிறகு மோட்டார் சைக்கிள் கேட்டான், பிறகு பெங்களூர் போனான். ஆடு மேய்ந்து முடித்ததும் போட்டுவிட்டுப் போன கயிறுபோல இது கிடக்கிறது.

செயின் துரு. இரண்டு டயரிலும் காற்றில்லை, ஆனால் பல் மட்டும் முதலைக்கு இருப்பதுபோல் இருக்கிறது. முன்னால் மூன்று கியர், பின்னால் ஆறு. வாழ்க்கையில் ஒரு கியர்கூட மாற்றத் தெரியாதவனுக்குப் பதினெட்டு. மட்கார்டு இல்லை, ஸ்டாண்டு இல்லை, பெல் இல்லை, கேரியர் இல்லை. இல்லாததற்கெல்லாம் சேர்த்துத்தான் அன்றைக்கு அந்த விலை சொன்னான்.

பரிதிக்கு போன் செய்து சொன்னேன். அம்மாவுக்கா, சூப்பர்ப்பா என்றான். அவனுக்கு எல்லாமே சூப்பர். நாளைக்கு நான் மண்டையைப் போட்டாலும் அதைத்தான் சொல்வான்.

ஜூன் 14

காசிராஜன் கடைக்கு உருட்டிக்கொண்டு போனேன். ஊரில் மிச்சமிருக்கும் சைக்கிள் கடை அது ஒன்றுதான். கடைக்கு வலப்பக்கச் சுவரில் ஒரு போர்டு: "பஞ்சர் ஒட்டப்படு". கடைசி 'ம்' இல்லை. பஞ்சரைப் பார்த்து 'நீ ஒட்டப்படுவாயாக' என்று ஆணையிடும் போர்டு உலகத்தில் இது ஒன்றாகத்தான் இருக்கும். பதினோரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். முப்பத்தோரு வருடமாகக் காலண்டரிலும் டைரியிலும் அச்சுப்பிழை பார்த்துச் சோறு தின்கிறவன் நான். இதையெல்லாம் பார்த்தால் சோறு இறங்காது.

காசிராஜன் வண்டியை இங்கேயே விட்டுவிட்டுப் போங்கள் என்றான். நான் விடவில்லை. பின்சக்கரத்தை மட்டும் அவன் பார்க்கட்டும், அதில் கியர் கிடக்கிறது. முன்சக்கரமும் பிரேக்கும் நானே பார்த்துக்கொள்வேன் என்றேன். பெண்டாட்டி ஏறப் போகிற வண்டியில் கண்டவன் கை எதற்கு?

தலையைச் சொறிந்தான். அது ஒன்று மட்டும் அவனுக்கு நன்றாக வரும்.

ஜூன் 16

ஞாயிறு. முன்சக்கரத்தைக் கழற்றி அச்சை மண்ணெண்ணெயில் ஊறவைத்தேன். உள்ளே இருந்த பால்ஸ் குண்டுகள் உருண்டு ஓடின. இருபதில் பதினேழு கிடைத்தது. இந்தக் காலத்தில் பால்ஸையும் சின்னதாக்கிவிட்டார்கள், கண்ணிலேயே படுவதில்லை. அரை மணி நேரம் தேடியிருப்பேன். ஜெயக்கனி துணி காயப்போட வந்தவள் நின்று பார்த்தாள்.

"மூணும் உங்க வலது கால் பக்கத்துலதான் கெடக்கு" என்றாள்.

அவள் நின்று மறைத்ததால்தான் எனக்குத் தெரியவில்லை. சொன்னேன். அவள் நின்றது வாசல் பக்கம் என்றாள். வாதம் பண்ணுவதற்கென்றே பிறந்த வம்சம்.

ஜூன் 18

தாழ்வார பல்பை மாற்றினேன். பெட்டியில் போட்டிருக்கும் வெளிச்சம் பல்பில் இல்லை. ஊரை ஏமாற்றுகிறார்கள்.

ஜூன் 20

அம்மையார் ஒரு வாரமாக மினிபஸ்ஸில் போகிறார். ஏழே முக்காலுக்கே கிளம்ப வேண்டும். நின்றுகொண்டு போக வேண்டும். போகட்டும். ஸ்கூட்டரின் பின்சீட்டில் தூசி படிகிறது. துடைப்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன்.

எனக்குத் தெரியாமல் காசிராஜன் கடைக்கே போய்ப் பேசியிருக்கிறாள். அவன் வந்து சொல்கிறான்: "அண்ணாச்சி, அக்காவுக்குக் கேரியர் வேணுமாம். இந்தச் சட்டத்துல கேரியர் மாட்ட ஓட்டையே கெடையாது. பால்காரங்க போடுற கனத்த கேரியர்தான் வேணும், பத்தவச்சுக் குடுன்னு நிக்குறாங்க. அறுபத்தெட்டு கிலோ தாங்குமான்னு கேக்குறாங்க."

மலை சைக்கிளுக்குக் கேரியர்! மாப்பிள்ளைக்குச் சேலை கட்டுவது மாதிரி. அப்புறம் அதென்ன அறுபத்தெட்டு? அறுபது என்று கேட்டால் புரியும், எழுபது என்று கேட்டால் புரியும். அரிசிச் சிப்பம் இருபத்தைந்து கிலோ. மூன்று சிப்பம் எழுபத்தைந்து. எப்படிக் கூட்டினாலும் அறுபத்தெட்டு வரவில்லை. சத்துணவுக் கூடத்தில் இருபத்திரண்டு வருடம் அரிசி அளந்தவள் கேட்கிற கேள்வியா இது?

அவளிடம் கேட்டேன். "இருக்கட்டும், ஒரு பேச்சுக்குத்தான்" என்றாள்.

ஜூன் 23

பின்சக்கரம் நேற்று திரும்பி வந்தது. நேற்றே முன்சக்கரத்தையும் மாட்டி, பிரேக்கையும் முடுக்கி வைத்திருந்தேன். காலை ஆறு மணிக்கு மைதானத்தில் பயிற்சி. அக்கா மகளின் பழைய சுடிதாரைப் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். கல்யாணம் ஆகி இருபத்தொன்பது வருடத்தில் அவளை அந்தக் கோலத்தில் பார்த்ததில்லை. வேறு யாரோ என்று நினைத்துவிட்டேன் ஒரு கணம். நன்றாகத்தான் இருந்தது. சொல்லவில்லை. சொன்னால் தலையில் ஏறி உட்காருவாள்.

சீட்டைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினேன். முன்னால் பார் என்றால் காலைப் பார்க்கிறாள், காலைப் பார்க்காதே என்றால் என்னைப் பார்க்கிறாள். மதில் மேல் கோழிபோல் நாலு பெண்கள் வேறு உட்கார்ந்து வேடிக்கை. ஒரு கல்லை மைதானத்தின் ஓரமாகப் போட்டு வைத்திருக்கிறான் எவனோ அறிவுகெட்டவன். நான்தான் விழுந்தேன். அவள் பத்தடி தனியாகப் போய்விட்டு, போனது தெரிந்ததும் பயந்து நிறுத்தினாள்.

அந்தக் கல்லை மூன்று சுற்று சுற்றி வந்தாளாம். மூன்று தடவையும் பார்த்தாளாம். சொல்லியிருக்கலாமே என்றேன். "அம்மாம் பெரிய கல்லை எதுக்குச் சொல்லணும்" என்கிறாள்.

ஜூன் 27

அடுத்த ஆண்டு தினசரிக் காலண்டர் வேலை தொடங்கியாயிற்று. மேனேஜர் ரத்தினபாண்டி ஒரு தாளைத் திருப்பிக் கொண்டுவந்தார். வலது ஓரத்தில் ராகு காலம் இருக்க வேண்டிய இடத்தில் மறுபடியும் எமகண்டம். என் பச்சை மை டிக் அதன் பக்கத்தில். கம்ப்யூட்டரில் அடிக்கிற பெண்கள் நான் பார்த்த பிறகு மாற்றியிருப்பார்கள் என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. இந்த ஊரில் எல்லோரும் ஜெயக்கனியிடம் பாடம் படித்திருக்கிறார்கள்.

ஜூன் 30

விழுந்துவிட்டாள்.

மைதானத்தை நாலு சுற்று தனியாகச் சுற்றினாள். ஐந்தாவது சுற்றில் தெற்கு மூலையில் திரும்பும்போது முன்சக்கரம் சாய்ந்தது. சக்கரம் ஒரு பக்கம், வண்டி ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். முழங்கையில் தோல் முழுக்கப் போய்விட்டது. மோவாயில் ரத்தம். பல் போயிருக்கிறதா என்று அவள் நாக்கால் தடவிப் பார்த்ததை நான் பார்த்தேன். பல் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் மோவாயில் மூன்று தையல்.

வீட்டில் விட்டுவிட்டு வண்டியைத் தூக்கிக்கொண்டு நேரே காசிராஜன் கடைக்குப் போனேன். வாயில் வந்ததையெல்லாம் திட்டினேன். ஒரு போர்டில் ஓர் எழுத்தை ஒழுங்காக எழுதத் துப்பில்லாதவன் கையில் வண்டியைக் கொடுத்தது என் புத்திகெட்டத்தனம் என்றேன். அவன் குனிந்து முன்சக்கரத்தைப் பார்த்தான். வலது பக்க நட்டில் ஸ்பேனரை வைத்தான், அசையவில்லை. இடது பக்க நட்டை இரண்டு விரலால் திருகினான், சுற்றியது.

"அண்ணாச்சி, முன்சக்கரம் நீங்க மாட்டுனது. இந்தப் பக்க நட்டு கைமுடுக்குலதான் நிக்குது. ஸ்பேனர் பட்ட தடமே இல்லை."

நானும் திருகிப் பார்த்தேன்.

"போர்டைச் சொன்னீங்களே, போன தீபாவளிக்கே மாத்திட்டேனே. திரும்பிப் பாருங்க."

திரும்பிப் பார்த்தேன். தலையை நன்றாகத் திருப்ப வேண்டியிருந்தது. சிவப்பு மையில், தேங்காய் அளவுக்கு ஒரு 'ம்'.

ஜூன் 31

இந்தத் தேதி கிடையாது. ஆனால் இந்த டைரியில் இருக்கிறது. எங்கள் பிரஸ்ஸில் அடித்த இந்த ஆண்டு டைரி. ஐந்நூறு பிரதி பைண்டிங் முடிந்த பிறகுதான் ஜூனுக்கு ஒருநாள் அதிகம் போட்டிருப்பது தெரிந்தது. கழித்துப் போட்டதை எங்களுக்கே ஆளுக்கு ஒன்று கொடுத்தார்கள். எந்தக் குருட்டுக் கபோதி இதைப் பார்த்து அனுப்பினான் என்று ஜனவரி முதல் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.

அந்தக் குருட்டுக் கபோதி நான்தான். பக்கத்தின் வலது மேல் மூலையில் தேதி. ஓரம். அச்சு மாதிரியில் என் பச்சைக் கையெழுத்து இருக்கிறது, போன செப்டம்பரில் போட்டது.

மார்ச்சில் மதுரைக்குக் கல்யாணத்துக்குப் போனதாக எழுதியிருக்கிறேன். கல்யாணம் இல்லை. கண் ஆஸ்பத்திரி. கண்ணுக்குள் நீர் அழுத்தம், நரம்பு கருகிப்போயிருக்கிறது என்று ஒரு சின்ன வயது டாக்டரம்மா சொன்னார். பக்கவாட்டுப் பார்வை இரண்டு கண்ணிலும் போய்விட்டது, போனது வராது, நடுவில் இருப்பதையாவது காப்பாற்ற வேண்டுமானால் தினமும் சொட்டு விட வேண்டும் என்றார். வண்டி ஓட்டக் கூடாது, யாரையும் பின்னால் வைத்து ஓட்டவே கூடாது என்று இரண்டு தடவை சொன்னார். சிகிச்சைக் கார்டு பீரோவில் வேட்டிக்கு அடியில் இருக்கிறது. வயது 57, எடை 68, கண் அழுத்தம் இவ்வளவு என்று எல்லாம் எழுதியிருக்கிறது. சொட்டு மருந்து சட்டைப் பையில். குளியலறையில் தாழ்போட்டுக்கொண்டு விட்டுக்கொள்கிறேன்.

அன்றிலிருந்து ஜூன் பன்னிரண்டு வரை, பள்ளிக்கூடம் இருந்த ஒவ்வொரு நாளும், அவளைப் பின்னால் வைத்து ஓட்டினேன். ஓட்டவில்லை என்றால் ஏன் என்று கேட்பாள். கேட்டால் சொல்ல வேண்டும். சொன்னால் பிரஸ்ஸுக்குத் தெரியும். கண் போன பிழை திருத்துபவனை யார் வைத்துக்கொள்வார்கள்? பயமாக இருந்தது. இப்போதும் இருக்கிறது.

கொய்யாப்பழக்காரன் முளைக்கவில்லை. வந்திருக்கிறான். அந்த நட்டை நான் மறக்கவில்லை. வலப்பக்கம் உட்கார்ந்து முடுக்கினேன், இடப்பக்கம் ஒன்று இருப்பது என் கண்ணுக்கு இல்லாமல் போய்விட்டது. அவள் மோவாயில் மூன்று தையல் என்னால்.

இல்லாத நாளில் எழுதியது. கணக்கில் சேராது.

ஜூலை 1

நேற்று ஞாயிறு. அதற்குப் பிறகு எழுதும்படி எதுவும் நடக்கவில்லை. ஸ்கூட்டருக்கு சர்வீஸ் நேரம் வந்துவிட்டது. மூடி வைத்திருக்கிறேன். பிரஸ்ஸுக்கு நடந்தே போனேன். நடை உடம்புக்கு நல்லது என்று எல்லாப் பயல்களும் சொல்கிறார்கள்.

ஜூலை 7

காசிராஜன் கடையில் வண்டியை மறுபடி முழுசாகப் பிரித்து மாட்டினான். நான் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தேன். அவன் மாட்டி முடித்த ஒவ்வொரு நட்டையும் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு கையாலும் இரண்டு பக்கமும் தொட்டுப் பார்த்தேன். முன்சக்கரம் இரண்டு, பின்சக்கரம் இரண்டு, சீட்டு ஒன்று, பிரேக் நாலு. அவன் என்னை வேடிக்கை பார்த்தான். பார்க்கட்டும். அன்றைக்குத் திட்டியதற்கு மன்னிப்பு மாதிரி ஏதோ சொன்னேன். வடை வாங்கிக் கொடுங்க போதும் என்றான். மரியாதை தெரியாதவன். இரண்டு வடை தின்றான்.

ஜூலை 15

இன்று அம்மையார் தனியாகச் சைக்கிளில் பள்ளிக்கூடம் போனார். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, சாப்பாட்டுப் பையை ஹேண்டில்பாரில் தொங்கவிட்டுக்கொண்டு. தெருவே வெளியே நின்றது. போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணு என்று சொல்லியிருந்தேன். எட்டு நாற்பது, எட்டு ஐம்பது, ஒன்பது. போன் இல்லை. ஒரு போன் பண்ணத் தெரியாதவளுக்குப் பதினெட்டு கியர் ஒரு கேடு. ஒன்பதே காலுக்குப் பண்ணினாள். பிள்ளைகள் சூழ்ந்துகொண்டு இறங்க விடவில்லையாம். ரயில்வே கேட்டில் அந்தக் கொய்யாப்பழக்காரன் கும்பிட்டானாம்.

பிரஸ்ஸுக்கு அரை மணி நேரம் தாமதமாகப் போனேன்.

ஜூலை 21

கேரியர் வந்துவிட்டது, கூடவே ஒரு பெல்லும். காசிராஜன் சட்டத்தோடு சேர்த்துப் பத்தவைத்திருக்கிறான். அதன்மேல் பழைய மெத்தைத் துணியை மடித்துத் தைத்து ஒரு திண்டு வேறு போட்டிருக்கிறாள். அரிசி மூட்டைக்கு மெத்தை! பின்சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் கால் வைக்கிற மாதிரி கம்பி எதற்கு என்று கேட்டேன். "மூட்டை ஆடாம இருக்க" என்றாள். மலைக்குப் போக வேண்டிய சைக்கிளைப் பால்காரன் வண்டி ஆக்கியாயிற்று. பரிதிக்குப் படம் எடுத்து அனுப்பினாள். சூப்பர் என்று பதில்.

ஆகஸ்ட் 3

ஆடிப் பதினெட்டு. ஊரெங்கும் புது ஆண்டுக் காலண்டர் ஆல்பம் வெளியிடும் நாள். பிரஸ்ஸில் பூஜை ஒன்பதரைக்கு. வேட்டி சட்டை போட்டுக்கொண்டு நடக்கக் கிளம்பினேன். வாசல் படியை ஒட்டிச் சைக்கிளை நிறுத்திப் பிடித்துக்கொண்டு நின்றாள். சனிக்கிழமை, அவளுக்குப் பள்ளி இல்லை.

"ஏறுங்க. நேரமாச்சு."

எதில் என்று கேட்டேன். கேரியரைத் தட்டிக் காட்டினாள்.

தெருவில் ஆள் இருந்தது. கல்யாணமான புதிதில் நான் சைக்கிள் மிதிக்க, அவள் கூடவே நாலடி ஓடி வந்து ஒருபக்கமாக ஏறி உட்காருவாள். டபுள்ஸ் என்றால் அப்படித்தான், ஓடுகிற வண்டியில் ஏற வேண்டும். எனக்கு அது இப்போது முடியாது. அது தெரிந்துதான் படியை ஒட்டி நிறுத்தியிருக்கிறாள். அது எனக்கு அப்போதுதான் உறைத்தது. கால் வைக்கிற கம்பியும், திண்டும், எல்லாமும்.

"அறுபத்தெட்டு கிலோன்னு உனக்கு எப்படித் தெரியும்?" என்றேன்.

"கார்டுல போட்டுருந்துச்சே."

எந்தக் கார்டு என்று நான் கேட்கவில்லை. வேட்டிக்கு அடியில் வைத்திருக்கிறேன் என்று நினைத்திருந்தேன். என் வேட்டியை இருபத்தொன்பது வருடமாக மடித்து வைப்பது யார் என்று நினைக்கவில்லை.

"மார்ச்சுலயே பார்த்தேன்" என்றாள். "சொல்லுவீங்கன்னு இருந்தேன். பயந்துக்கிட்டேதான் பின்னால உக்காந்து வந்தேன். கொய்யாப்பழக்காரன் மேல மோதுனப்ப இனிமே முடியாதுன்னு தோணுச்சு. நான் ஓட்டக் கத்துக்கிட்டா நீங்க சொல்லாமலே முடிஞ்சிரும்ல."

மோவாயில் தழும்பு இன்னும் சிவப்பாக இருந்தது. அந்த நட்டு என் தப்பு என்று சொன்னேன். தெரியும் என்றாள். காசிராஜன் சொன்னானா என்றேன். அவன் தன் தப்பு என்றுதான் அவளிடம் சொன்னானாம். இவள் நம்பவில்லையாம்.

படியில் நின்றபடி ஏறி, இரண்டு பக்கமும் கால் போட்டு உட்கார்ந்தேன். சின்னக் கியரைப் போட்டு மிதித்தாள். வண்டி ஆடியது, பிறகு நேரானது. அந்தச் சின்னக் கியர் மலை ஏறுவதற்கு. இந்த ஊரில் மலை இல்லை என்று எழுதியிருந்தேன். பின்னால் உட்கார்ந்திருந்தது. தெருவில் யார் யார் பார்த்தார்கள் என்று எனக்குத் தெரியாது, ஓரம் எனக்குத் தெரிவதில்லை. நேரே அவள் முதுகு மட்டும் தெரிந்தது. அது நன்றாகவே தெரிந்தது. அழுகை வந்தது, காற்றில் காய்ந்துவிட்டது.

அழத்தான் செய்தேன். அவள் வேகத்தடையில் பிரேக் பிடிக்கவே மாட்டேன் என்கிறாள் என்பது வேறு விஷயம்.

பூஜை முடிந்ததும் ரத்தினபாண்டியிடம் கார்டைக் கொடுத்தேன். அவர் இரண்டு தடவை படித்தார். பிறகு, நடுப்பத்தியை நீங்கள் பாருங்கள், ஓரத்தை இன்னொருவர் பார்க்கட்டும் அண்ணாச்சி, எவ்வளவு நாள் முடிகிறதோ பார்ப்போம் என்றார். எவ்வளவு நாள் என்று எனக்கும் தெரியாது.

அடுத்த ஆண்டு டைரியின் அச்சு மாதிரி மேசையில் இருந்தது. ஜூனை முதலில் எடுத்தேன். பக்கத்துக்குப் பக்கம் வலது மூலையில் விரலை வைத்து, தலையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தேன். முப்பதோடு முடிகிறது. இனி சொல்ல வேண்டியதை இருக்கிற நாட்களிலேயே சொல்லியாக வேண்டும்.

மணி ஐந்தரை. பிரஸ் வாசலில் சைக்கிள் பெல் அடிக்கிறது. ஒரு தடவை அடித்தால் போதாதா அந்த மனுஷிக்கு?